புடாபெஸ்ட் சங்கிலிப் பாலத்துச் சிங்கங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் டான்யூப் ஆற்றின் மேலுள்ள சங்கிலிப் பாலத்தில் நடக்க டிக்கெட் கிடையாது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், யாரும் நடக்கலாம். ஆனால் அந்தப் பாலத்தின் முனையில் படுத்திருக்கும் கல் சிங்கத்தின் முன்னால் போய் நிற்க எனக்கு இரண்டு தடவை விசாவுக்கு அலைய வேண்டியிருந்தது. முதல் தடவை கவுன்டரிலேயே கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வங்கியில் பணம் இருந்தது, பாஸ்போர்ட்டும் சரியாக இருந்தது. இரவுகளை எண்ணியதில்தான் தவறு.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்திய பாஸ்போர்ட்டில், சொந்தச் செலவில், சுற்றுலாக் குழு இல்லாமல் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. எந்த நாட்டுக்கு விசா கேட்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஹங்கேரி, பொது விசாவைப் பகிரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஒரே விசாவில் வியன்னா, பிராக், புடாபெஸ்ட் எல்லாம் போகலாம் என்பதால், நம்மில் பெரும்பாலானோர் இரண்டு மூன்று நகரங்களைச் சேர்த்துத்தான் திட்டம் போடுகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால், முதலில் காலடி வைக்கும் நாட்டிடம் கேட்க வேண்டும்.

என் திட்டத்தில் வியன்னாவில் மூன்று இரவு, புடாபெஸ்ட்டில் மூன்று இரவு. விமானம் இறங்குவது வியன்னாவில். நானோ ஹங்கேரிக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டு விசா விண்ணப்ப மையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்த பெண் பயணத் திட்டத்தை விரலால் வரி வரியாக எண்ணிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்திரியா விண்ணப்பம் சார்" என்றார். அடுத்த நேரம் கிடைக்கப் பல வாரங்கள் ஆயின. கடைசியில் புடாபெஸ்ட்டுக்கு நான்கு இரவு, வியன்னாவுக்கு இரண்டு இரவு என்று மாற்றிக்கொண்டு மறுபடி போனேன்.

ஆகவே ஹோட்டல் தேடும் முன் ஒரு தாளில் இரவுகளை எழுதுங்கள். புடாபெஸ்ட்டில் ஒரு இரவாவது கூடுதலாக இருக்கட்டும். பாலத்தை நிதானமாகப் பார்க்கவும் அந்த ஓர் இரவு தேவைப்படும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2. நாள் கணக்கு

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். கூடுதல் காகிதம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடை விடுமுறைக்கு ஊரே கிளம்பும் ஏப்ரல், மே மாதங்களில் நேரம் கிடைப்பதே பெரிய பாடு. என் யோசனை: பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே கைரேகை கொடுக்கும் நாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கடந்த 59 மாதங்களுக்குள் வேறு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் அதையே மறுபடி பயன்படுத்திக்கொள்ள இடமுண்டு. பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது.

விசா வரும் முன் திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். முன்பதிவு இருந்தால் போதும். ஹோட்டலும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

3. காகிதங்கள்

கோப்பில் நான் கடைசியாக வைத்த வரிசை இது:

பாஸ்போர்ட். பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பெயர் மாறியிருந்தால் அதற்கான சான்றும் சேருங்கள். நம்மில் பலருக்கு இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து பின்னால் வரும். விமான முன்பதிவு, காப்பீடு, ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே எழுத்துப் பிசகாமல் வரட்டும்.

புகைப்படம். 35-க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில் "ஷெங்கன் அளவு" என்று சொன்னால் தெரியும்.

மருத்துவக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், போகிற நாளிலிருந்து திரும்புகிற நாள் வரை. இந்தியாவில் நீங்கள் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு இதற்கு ஆகாது. பயணக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும்.

பணச் சான்று. சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கி முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு. சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று. எத்தனை மாத அறிக்கை வேண்டும் என்பதை விண்ணப்ப மையத்தின் பட்டியலில் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முந்தைய வாரம் உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் பெரிய தொகை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதா மாதம் சீராக வந்து போகும் சிறிய தொகையே நல்ல சான்று.

முகப்புக் கடிதம். ஒரு பக்கம் போதும். எந்த நாள் எங்கே தங்குகிறேன், எப்படிப் போகிறேன், செலவு யாருடையது, ஏன் திரும்பி வருவேன் என்பதை மட்டும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் உள்ள தேதி, ஹோட்டல் தேதி, விமானத் தேதி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூன் முதல் இதுதான். 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. இதை ரூபாயில்தான் கட்டுவீர்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது. குறுஞ்செய்தி, கூரியர் என்று கவுன்டரில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவை எல்லாம் உங்கள் விருப்பம்தான், கட்டாயமில்லை.

விசா வந்ததும் வேலை முடிந்தது என்று காகிதங்களை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஹோட்டல், காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றின் நகலையும் கைப்பையில் வையுங்கள். எல்லையில் அதிகாரி கேட்கலாம். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் முகத்தைப் படமெடுத்துப் பதியும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் தடவை நுழைகிறவர்களுக்கு வரிசை நீளும். அடுத்த விமானத்தையோ ரயிலையோ ஒரு மணி நேர இடைவெளியில் போட்டுவிடாதீர்கள்.

4. காசு: அங்கே யூரோ இல்லை

ஹங்கேரியின் நாணயம் ஃபோரின்ட். ஒரு ரூபாய்க்கு எத்தனை ஃபோரின்ட் என்று தோராயமாக மனதில் வைத்துக்கொண்டால் கடையில் மனக்கணக்கு எளிது. கிளம்பும் முன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 தாளும் 20,000 தாளும் உண்டு. அவசரத்தில் சைபரை எண்ணிக் கொடுங்கள்.

இங்கிருந்து வாங்கிப் போகும் ஃபாரெக்ஸ் கார்டுகள் பலவற்றில் ஃபோரின்ட் இருக்காது. யூரோ நிரப்பிப் போனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஏடிஎம்மிலோ கடையிலோ "உங்கள் ஊர் பணத்தில் எடுக்கவா, ஃபோரின்டில் எடுக்கவா" என்று திரையில் கேட்டால், எப்போதும் ஃபோரின்ட்தான். ரூபாயைத் தொட்டால் விகிதம் மோசமாக இருக்கும். தெருவோரத்தில் தனியாக நிற்கும் ஏடிஎம்மை விட்டுவிட்டு, வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மைத் தேடுங்கள்.

உணவகத்தில் பில்லின் அடியில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் டிப்ஸ் தனியாக வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் குழந்தை உட்பட எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்வார்கள், அது அங்கே சட்டம்.

5. விமான நிலையத்திலிருந்து பாலத்துக்கு

100-ஈ பேருந்து விமான நிலையத்திலிருந்து நேராக நகரின் நடுவில் உள்ள டேயாக் ஃபெரென்ட்ஸ் தேர் வரை போகும். "தேர்" என்றால் அவர்கள் மொழியில் சதுக்கம். நம் காதுக்கு இனிமையான சொல், மறக்காது. இந்தப் பேருந்துக்குத் தனி டிக்கெட் உண்டு. நகரத்தில் செல்லும் சாதாரண டிக்கெட்டோ, 24 மணி அல்லது 72 மணி நேரச் சீட்டோ இதில் செல்லாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது. செலவைக் குறைக்க வேண்டுமானால் 200-ஈ பேருந்தில் ஏறி, மூன்றாம் எண் மெட்ரோவுக்கு மாறலாம். அதில் சாதாரண டிக்கெட் செல்லும், நேரம் கூடும். வியன்னாவிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் கெலெட்டி நிலையத்தில் இறங்கினால், இரண்டாம் எண் மெட்ரோ அதே டேயாக் தேருக்குக் கொண்டுவிடும்.

புடாபெஸ்ட்கோ என்ற செயலியில் டிக்கெட் வாங்கலாம், வழியும் பார்க்கலாம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும்போதே இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மெட்ரோவில் படிக்கட்டில் இறங்கும் முன்பே பதிக்க வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். வெளியூர்க்காரர் என்ற சலுகை கிடையாது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று: 65 வயது தாண்டியவர்களுக்கு இலவசம் என்று எங்கும் எழுதியிருக்கும். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. அம்மா அப்பாவுக்கும் சீட்டு வாங்கிவிடுங்கள்.

டேயாக் தேரிலிருந்து பாலம் பத்து நிமிட நடை. நடக்க முடியாதவர்களுக்கு 16-ஆம் எண் பேருந்து அங்கிருந்தே கிளம்பிப் பாலத்தைக் கடந்து அரண்மனைக் குன்றுக்கு ஏறுகிறது. பெஸ்ட் எனப்படும் கிழக்குக் கரையோரமாக ஓடும் இரண்டாம் எண் டிராமிலும் பாலத்தடியில் இறங்கலாம். எதிர்க்கரையான புடாவில் 19, 41 எண் டிராம்கள் க்ளார்க் ஆடாம் தேரில் நிற்கும்.

6. எந்த நேரம், எந்தப் பக்கம்

நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய், கூட்டத்தில் நகர்ந்து, கண் கூசும் வெயிலில் நான்கு படம் எடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம். முதல் நாள் நானும் அப்படித்தான் போனேன்.

ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. பெஸ்ட் கிழக்குக் கரை, புடா மேற்குக் கரை. பாலத்தின் நீளம் 400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடைபாதை இரண்டு ஓரமும் உண்டு, சங்கிலிக்கு வெளிப்புறமாக. நடுவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்க முடியாது. இரண்டு முனையில்தான் மாறலாம். ஆகவே ஏறும் முன்பே பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலையில் தெற்கு நடைபாதை. சூரியன் பெஸ்ட் பக்கம் எழுந்து, எதிரே குன்றின் மேலுள்ள அரண்மனை முகப்பில் நேராக விழும். பெஸ்ட்டிலிருந்து புடாவுக்கு நடந்தால் வெயில் முதுகில். பார்க்கும் எல்லாமே பொன்னிறம். மாலையில் வடக்கு நடைபாதை. அப்போது மேற்கு வெயில் எதிர்ப்புறம் பெஸ்ட் கரையில் நிற்கும் நாடாளுமன்றத்தின் மீது படும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்று நடந்தால் நான்கு சிங்கங்களையும் பார்த்துவிடலாம். முனைக்கு இரண்டு வீதம் இருக்கின்றன.

நேரத்தை மாதம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், இரவு எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் காலை ஏழரைக்கு விடிந்து மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலம் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வகையில் வசதி. ஐந்து மணிக்கே விளக்கெரியும் பாலத்தைக் காட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு அறைக்குத் திரும்பலாம். ஆனால் ஆற்றுக் காற்று எலும்பைத் துளைக்கும். காது மூடும் குல்லாயும் கையுறையும் இல்லாமல் பாலத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

ஆகஸ்ட் 20 அவர்களின் தேசிய நாள். ஆற்றின் மேல் வாணவேடிக்கை நடக்கும், கரையெல்லாம் ஜனம். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. சிங்கங்களை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள், ஹோட்டல் விலையும் ஏறியிருக்கும்.

7. சிங்கத்தின் முன்னால்

ஒரு வார நாளில் விடிந்து பத்து நிமிடத்தில் போனேன். பெஸ்ட் முனையில் நானும், சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒருவரும் மட்டும். சிங்கம் உயரமான கல் பீடத்தில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. கீழே நின்று பார்த்தால் முதலில் தெரிவது பாதம்தான், நம் தலைக்கு மேலே. அதற்கும் மேலே பிடரி மயிர் கொத்துக் கொத்தாகச் செதுக்கப்பட்டு, மழைநீர் வழிந்த இடங்கள் மட்டும் கொஞ்சம் கருத்திருந்தன.

இந்தச் சிங்கங்களுக்குச் சிற்பி நாக்கு வைக்க மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் ஆற்றில் குதித்துவிட்டார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். நாக்கு இருக்கிறது, பல்வரிசைக்குப் பின்னால் தாழ்வாகக் கிடப்பதால் கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் ஜூம் இருந்தால், பீடத்தடியிலிருந்து விலகி எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று வாய்க்குள் பாருங்கள். கிட்டே போகப் போகத் தாடைதான் மறைக்கும்.

பீடத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். நடுச்சாலையில் இறங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். 2023-இல் சீரமைப்பு முடிந்ததிலிருந்து தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை என்றாலும், பேருந்தும் டாக்சியும் சைக்கிளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பேருந்து கடக்கும்போது பாதத்தடியில் தளம் மெல்ல அதிர்வதை உணரலாம்; தொங்கு பாலம் என்பதால் அப்படி, பயப்பட ஒன்றுமில்லை. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நகரத்துக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது குற்றம்.

8. மேலிருந்து பார்க்க

பாலம் முழுவதும் கண்ணில் அடங்க வேண்டுமானால் புடா பக்கம் குன்றேற வேண்டும். க்ளார்க் ஆடாம் தேரிலிருந்தே ஷிக்லோ என்ற சரிவு ரயில் மேலே போகிறது. அழகான சின்னப் பெட்டிகள், ஆனால் தூரத்துக்குக் கட்டணம் மிக அதிகம், வரிசையும் நீளம், நகரப் பயணச் சீட்டு செல்லாது. அதுபோக, ஆண்டின் வாரங்களை வரிசையாக எண்ணினால் ஒற்றைப்படை எண் வரும் வாரங்களின் திங்கட்கிழமைகளில் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். உங்கள் திங்கள் எந்த வாரத்தில் வருகிறது என்று நாட்காட்டியில் பாருங்கள்.

நான் நடந்தே ஏறினேன். தண்டவாளத்தின் இரு பக்கமும் வளைந்து வளைந்து பாதை போகிறது. கால் மணி நேரம் ஆகும். வழியில் தண்டவாளத்துக்கு மேலே சிறிய நடைப்பாலங்கள் உண்டு. அங்கே நின்றால் ரயில் உங்கள் காலுக்குக் கீழே நுழைந்து போகும்; நேர் எதிரே சங்கிலிப் பாலம் பெஸ்ட் வரை நீண்டு கிடக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் 16-ஆம் எண் பேருந்தில் மேலேறி, இறக்கத்தில் நடந்து வரலாம்.

9. நேரம் மிஞ்சினால் பறவைப் பாலம்

இரண்டாம் எண் டிராமில் தெற்கே ஃபோவாம் தேர் வரை போனால் பச்சை நிற சபட்ஷாக் பாலம். அதன் நான்கு உச்சிகளிலும் சிறகு விரித்த துருல் பறவை உட்கார்ந்திருக்கிறது. கழுகைப் போன்ற அந்தப் புராணப் பறவைக்கு அங்கே பெரிய மதிப்பு. சிங்கம் பார்க்கப் போகும் பலருக்கு இது இருப்பதே தெரியாமல் போகிறது. பாலத்தின் இரும்புச் சட்டங்களில் இளைஞர்கள் ஏறி உட்காருவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் ஏறாதீர்கள். வழுக்கினால் கீழே ஆறு, அல்லது டிராம் தண்டவாளம்.

இங்கே பொழுது சாயும் வரை இருந்துவிட்டு அதே டிராமில் திரும்புங்கள். வடக்கே போகும்போது ஆறு இடது பக்கம் வரும், அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள். சில நிறுத்தங்கள் கழிந்ததும் சங்கிலிப் பாலம் விளக்கோடு எதிரே வரும். அங்கேயே இறங்கி, காலையில் விட்ட வடக்கு நடைபாதையில் நடக்கலாம்.